புகை ஒரு வேலை, சூடு ஒரு வேலை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900-ஆம் ஆண்டு தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட் அடிப்படையில் ஓர் இறைச்சிக்கடை. ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் மத்திய டெக்சாஸில் இப்படிப் பல கடைகளை நடத்தினார்கள். விற்காமல் மிஞ்சிய துண்டுகளை ஓக் விறகுப் புகையில் வாட்டி, முரட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அதே கடையின் மளிகைப் பகுதியிலிருந்து உப்பு பிஸ்கட், வெங்காயம், தக்காளி, வெண்ணெய்ப்பழம், ஊறுகாய் என்று கையில் கிடைத்ததை எடுத்து இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். டெக்சாஸ் பார்பிக்யூவின் முதல் தொடுகறிகள் அவைதாம்.

பிறகு வேகவைத்த பின்டோ பீன்ஸும், உருளைக்கிழங்கு சாலடும், முட்டைக்கோஸைச் சீவிச் செய்யும் கோல்ஸ்லாவும் தட்டில் இடம்பிடித்தன. ஆனாலும் புகை இறைச்சிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. காய்கறி சமையலறையில் தனியாகத் தயாராகி, கடைசியில்தான் தட்டுக்கு வந்தது.

இன்று வீட்டுத் தோட்டத்தில் ஸ்மோக்கர் என்னும் புகையடுப்பு வைத்திருப்பவர்கள் முட்டைக்கோஸ், சோளக்கதிர், சர்க்கரைவள்ளி, காளான், பீன்ஸ் பானை எல்லாவற்றையும் புகைக்குள் ஏற்றுகிறார்கள். பலருக்கும் முதல் முறை ஏமாற்றமே மிஞ்சுகிறது. மேலே தோல் போல வறண்டு, உள்ளே பச்சையாக, நாக்கில் சாம்பல் கசப்போடு காய் வெளியே வருகிறது. காரணம் எளிது. அந்தக் கருவியும் அதன் 110 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் இறைச்சிக்காக ஏற்பட்டவை. மாட்டின் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கெட்டில் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் நிறைய உண்டு. மெல்லிய சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால் அது ஜெலட்டினாக இளகிக் கறியைப் பஞ்சாக்குகிறது. காய்கறியில் கொலாஜன் கிடையாது. அதைக் கட்டிக் காக்கும் பொருள்கள் வேறு, அவை இளகும் சூடும் வேறு. எனவே இறைச்சிக்கு ஒரே நேரத்தில் நடக்கும் புகையூட்டலையும் வேகவைத்தலையும் காய்கறிக்கு இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

விறகுக்குள் இருக்கும் மணம்

ஓக், ஹிக்கரி, ஆப்பிள் போன்ற மரங்களின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். கால் பங்குக்குச் சற்று மேல் ஹெமிசெல்லுலோஸ். மீதியில் பெரும்பகுதி லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். சூட்டில் அவை அறுந்து அசிட்டிக் அமிலமாகவும், இனிப்பும் ரொட்டி மணமும் தரும் ஃபியூரான்களாகவும், உணவின் மேற்பரப்பைப் பொன்னிறமாக்கும் கார்பனைல் சேர்மங்களாகவும் மாறுகின்றன. நாம் புகை மணம் என்று அடையாளம் காண்பதைத் தருவது லிக்னின்தான். அது உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்னும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் பிறக்கின்றன. புகையின் சுவையில் குவாயகாலுக்கும், வாசனையில் சிரிங்காலுக்கும் பெரும்பங்கு உண்டு.

பைன் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னின் அமைப்பு வேறு. அதிலிருந்து சிரிங்கால் மிகக் குறைவாகவே வரும். கூடவே பிசின் எரிந்து கரியும் கசப்பும் சேரும். பார்பிக்யூ அடுப்பில் பைன் விறகைத் தொடாததற்கு இதுவே காரணம்.

நல்ல மணத்துக்கு விறகு 300 முதல் 400 டிகிரி சூட்டில் கனன்றுகொண்டிருக்க வேண்டும். கொழுந்துவிட்டு எரிந்தால் சூடு எகிறி மணப்பொருள்களே எரிந்துபோகும். காற்றை ஒரேயடியாக அடைத்தால் அடர்ந்த வெண்புகை எழும்பி, உணவின்மேல் காரமும் கசப்புமாகப் படியும். பிட்மாஸ்டர்கள் எனப்படும் அனுபவமுள்ள பார்பிக்யூ சமையல்காரர்கள் புகைபோக்கியிலிருந்து மெல்லிய நீலப் புகை வரும்வரை காத்திருப்பார்கள். அந்த நீலத்துக்கு இயற்பியல் விளக்கம் உண்டு. புகைத்துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருந்தால் அவை நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் அதே விதியால்தான். துகள் பெருத்துவிட்டால் எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறிப் புகை வெளுத்துத் தெரியும். ஆக, புகையின் நிறத்தைப் பார்த்தே நெருப்பின் நலத்தை அறிந்துகொள்ளலாம்.

இறைச்சியில் கொழுப்பும் புரதமும் சேர்ந்து புகையின் முரட்டுத்தனத்தை ஓரளவு அடக்கிவிடும். காய்கறிக்கு அந்தக் கவசம் இல்லை. டெக்சாஸில் மாட்டிறைச்சிக்குப் பிடித்தமான மெஸ்கீட் விறகு காயை எளிதில் கசக்க வைப்பதற்குக் காரணம் இதுவே. மெஸ்கீட் தமிழ்நாட்டுக்கு அந்நியமான மரமும் அல்ல. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடும் சீமைக்கருவேலம் அதன் நெருங்கிய உறவு. காய்கறிக்கு ஆப்பிள், செர்ரி, பீக்கன் போன்ற மென்மையான புகை தரும் மரங்களே ஏற்றவை.

விறகுத் துண்டுகளை நீரில் ஊறவைத்துப் போட்டால் புகை கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஊறிய நீர் மரத்தின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. அது ஆவியாகி முடியும்வரை மரம் 100 டிகிரியைத் தாண்டாது. அதற்குள் வருவது பெரும்பாலும் வெறும் நீராவி. ஊறவைப்பதால் புகை தாமதமாக வருமே தவிர, கூடுதலாக வராது.

முதல் அரைமணி நேரம்

புகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் நுண்துகள்கள், மற்றது கண்ணுக்குத் தெரியாத ஆவிகள். சுவையின் பெரும்பகுதி ஆவிகளில் இருக்கிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய சொம்பின் வெளிப்புறத்தில் ஈரம் அரும்புவது போல, இந்த ஆவிகளும் குளிர்ந்த பரப்பைக் கண்டால் அதன்மேல் படிகின்றன. பரப்பு ஈரமாகவும் இருந்தால் அந்த நீரில் கரைந்து ஒட்டிக்கொள்கின்றன. துகள்களும் சூடான காற்றிலிருந்து குளிர்ந்த பரப்பை நோக்கியே தள்ளப்படுகின்றன. காய் சூடேறி மேற்பரப்பு காய்ந்துவிட்டால் இந்தப் பிடிமானம் சட்டென்று குறைந்துவிடும்.

இதனால்தான் காயை ஸ்மோக்கரில் ஏற்றிய முதல் அரைமணி, முக்கால் மணி நேரம் அவ்வளவு முக்கியமாகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த காயை நேராக உள்ளே வைக்கலாம். அவ்வப்போது நீர் தெளிக்கலாம். தக்காளி, குடைமிளகாய் போன்றவற்றின் தோலில் மெழுகுப் படலம் இருப்பதால் முழுதாக வைத்தால் புகை அதிகம் இறங்காது. இரண்டாக நறுக்கி, வெட்டுப்பக்கம் மேலே பார்க்க வைத்தால் அந்த ஈரச் சதை புகையை நன்றாகப் பிடிக்கும். ஃபீனால்களில் பல கொழுப்பில் நன்கு கரைபவை. எனவே மெல்லியதாக எண்ணெயோ வெண்ணெயோ தடவுவதும் உதவும்.

புகைக்கும் காய்க்கும் உள்ள இந்த உறவை மிளகாய் இன்னும் நீண்ட அளவில் காட்டுகிறது. மெக்சிகோவில் பழுத்த ஹலப்பேன்யோ மிளகாயைப் பல நாட்கள் புகையில் உலர்த்திச் சிபோட்லே தயாரிக்கிறார்கள். சதை தடித்த அந்த மிளகாய் வெயிலில் காய்வதற்குள் அழுகிவிடும் என்பதால் புகையே அதை உலர்த்தவும் காக்கவும் வழியாயிற்று. ஸ்பெயினின் லா வேரா பள்ளத்தாக்கில் அறுவடைக் காலத்தோடு இலையுதிர்கால மழையும் வந்து சேரும். எனவே அங்கே மிளகாயைப் பரணில் பரப்பி, அடியில் ஓக் விறகைக் கனலவிட்டு, நாள்தோறும் கையால் புரட்டி, 10 முதல் 15 நாட்கள் உலர்த்துகிறார்கள். அதை அரைத்தால் கிடைப்பதுதான் உலகமெங்கும் போகும் பிமென்டோன் தூள். இந்த இரண்டு இடங்களிலும் காய் வேகவே இல்லை. சூடு அதிகமின்றிப் புகை மட்டும் தன் வேலையைச் செய்கிறது.

110 டிகிரியில் வேகாத முட்டைக்கோஸ்

முட்டைக்கோஸை முழுதாகப் புகையூட்டுவது அமெரிக்கத் தோட்ட விருந்துகளில் பிரபலம். தண்டைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் வெண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் திணித்து 110 டிகிரியில் வைக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியிலைகள் பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். கத்தியை நடுவில் இறக்கினாலோ பச்சைக் கோஸின் நறுக்கென்ற சத்தம் கேட்கும்.

தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். காயின் உள்ளே 80 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அந்தப் பசை குறிப்பிடத்தக்க வேகத்தில் கரைந்து காய் குழையும். அடுப்புக் காற்று 110 டிகிரியில் இருக்கும்போது காய் 80-ஐ எட்டுவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். சிரமம் நீரில் இருக்கிறது. முட்டைக்கோஸ், கத்தரிக்காய் இரண்டிலும் எடையில் ஏறத்தாழ 92 சதவீதம் நீர்தான். ஒரு கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 335 கிலோஜூல் போதும். அதே நீரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. வறண்ட சூடான காற்று ஈரமான காயைத் தழுவிச் செல்லும்போது, வரும் வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. காயின் பரப்பு 110-ஐவிட வெகுகீழே நின்றுவிடுகிறது.

இறைச்சிக்காரர்களுக்கு இது பழக்கமான தொல்லை. பிரிஸ்கெட்டின் உள்வெப்பம் 65, 70 டிகிரிவாக்கில் ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும். அதை ‘ஸ்டால்’ என்பார்கள். கொழுப்பு உருகுவதால்தான் அப்படி நிற்கிறது என்று பலர் நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் ஒரு துண்டுக் கொழுப்பையும் நீரில் தோய்த்த ஸ்பான்ஜையும் சூடாக்கிப் பார்த்தார். கொழுப்பின் வெப்பம் தடையின்றி ஏறியது. ஸ்பான்ஜ்தான் பிரிஸ்கெட்டைப் போல் நடுவழியில் நின்றது. ஆவியாதல் தரும் குளிர்ச்சியே காரணம் என்று தெளிவாயிற்று. நீர் நிறைந்த காய்கறியும் அந்த ஸ்பான்ஜின் வழியிலேயே போகிறது.

காய்கறிக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், காலிஃபிளவர், பீன்ஸ் முதலியவற்றில் பெக்டின் மெதில் எஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. 50 முதல் 65 டிகிரி சூட்டில் அது விழித்துக்கொண்டு பெக்டினின் அமைப்பை மாற்றுகிறது. மாறிய பெக்டின் இழைகளைக் காயிலுள்ள கால்சியம் ஒன்றோடொன்று பிணைக்கிறது. அந்தச் சூட்டில் அரைமணி நேரம் கிடந்த காய், பிறகு கொதிநீரில் நெடுநேரம் வெந்தாலும் முழுதாகக் குழையாது. ஊறுகாய்க்கும் டப்பாக்களில் அடைக்கும் காய்க்கும் உறுதி சேர்க்க உணவுத் தொழிலில் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு. மெதுவாகச் சூடேறும் ஸ்மோக்கரில் கேரட் மணிக்கணக்கில் கிடந்தும் விறைப்பாக நிற்பதில் இந்த நொதிக்கும் பங்கு இருக்கிறது.

தீர்வு வேலையைப் பிரிப்பதில் இருக்கிறது. முட்டைக்கோஸை நான்காக வெட்டி, ஈரத்தோடு முக்கால் மணி நேரம் புகையில் வைக்க வேண்டும். பிறகு ஆழமான தட்டில் அடுக்கி, வெண்ணெயும் கொஞ்சம் நீரும் விட்டு, அலுமினியத் தாளால் இறுக மூடி 180 டிகிரியில் வேகவிட வேண்டும். மூடியதும் ஆவி வெளியேற வழியில்லை, ஆவியாதலால் வரும் குளிர்ச்சியும் நின்றுபோகும். சீக்கிரமே உள்ளே 100 டிகிரியை நெருங்கி, கத்தி தடையின்றி இறங்கும்.

உருளைக்கிழங்கு சாலடுக்கு இதே வேலையை முன்பின்னாக மாற்றலாம். கிழங்கை முதலில் நீரில் வேகவைத்து, ஆறவைத்து, குளிரூட்டி, நறுக்கி, 20 நிமிடம் புகையில் வைத்தால் போதும். குளிர்ந்து ஈரமாயிருக்கும் அதன் மாவுப் பரப்பு புகையை உடனே வாங்கிக்கொள்ளும்.

சர்க்கரைவள்ளியும் காளானும்

மெதுவான சூட்டால் லாபம் அடையும் கிழங்கும் உண்டு. சர்க்கரைவள்ளியில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்னும் சர்க்கரையாக்குகிறது. சுமார் 60 முதல் 75 டிகிரி வரை அதற்கு உகந்த சூடு. அதற்கு மேல் போனால் நொதி செயலிழக்கும். கொதிநீரில் போட்ட கிழங்கு அந்த இடைவெளியை வேகமாகக் கடந்துவிடுகிறது. ஸ்மோக்கரில் தோலோடு முழுதாக வைத்த கிழங்கு அங்கே நெடுநேரம் தங்குகிறது. வேகவைத்ததைவிட அது கூடுதலாக இனிப்பதற்குக் காரணம் அந்தத் தாமதம். கடைசியில் அடுப்பைக் கூட்டி உட்புறத்தை 95 டிகிரிவரை கொண்டுபோனால் சதை நெய்யாகக் குழையும்.

காளானின் கதை வேறு. அதன் செல்சுவர் கைட்டினால் ஆனது. நண்டு, இறால் ஓடுகளில் இருக்கும் அதே பொருள். சூட்டுக்கு அது எளிதில் இளகாது. எனவே காளான் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் கூழாவதில்லை. நீரை இழந்து சுருங்கி, குளுட்டமேட்டின் சுவை செறிந்து, மெல்லுவதற்கு இதமாகிறது. இறைச்சியோடு சேர்த்து ஏற்றிச் சேர்த்து இறக்கக்கூடிய தொடுகறி என்றால் காளான்தான்.

கத்தரிக்காய்க்கு விறகுப் புகைகூட அவசியமில்லை. நேராகத் தணலில் போட்டுச் சுடும்போது அதன் தோலே கருகிப் புகைகிறது. தாவரத் தோலிலும் செல்லுலோஸ் இருப்பதால் காயே தனக்கு விறகாகிவிடுகிறது. உள்ளே காற்றறைகள் நிறைந்த பஞ்சுச் சதை தன் நீராவியிலேயே வெந்து அமிழ்கிறது. யாழ்ப்பாணத்துச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலில் அந்தக் கருகல் மணத்தைச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் தாங்கி நிற்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு ஃபீனால்களைக் கரைத்து நாவில் நெடுநேரம் நிறுத்துகிறது. புளிப்பு அந்தக் கனத்தைக் குறைக்கிறது.

பீன்ஸ் பானையில் ஒரு கவனம்

கான்சாஸ் சிட்டி பாணி பார்பிக்யூவில் பீன்ஸ் பானையை இறைச்சிக்கு நேர்கீழே வைப்பது வழக்கம். மேலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் கரும்புப்பாகு கலந்த குழம்பில் விழும். பரந்து திறந்த குழம்பின் பரப்பு புகையையும் பிடிக்கும். அவ்வப்போது கிளறிவிட்டால் புதிய பரப்பு மேலே வந்து மணம் முழுதும் இறங்கும்.

ஆனால் பயறு முன்பே முழுக்க வெந்திருக்க வேண்டும். இதற்குச் சுவை சார்ந்த காரணம் ஒன்று, உயிர் சார்ந்த காரணம் ஒன்று. தக்காளியின் அமிலம் பெக்டின் கரைவதைத் தடுக்கும், கரும்புப்பாகிலுள்ள கால்சியம் அதை மேலும் இறுக்கும். வேகாத பீன்ஸை அந்தக் குழம்பில் போட்டால் நாள் முழுதும் வைத்தாலும் கடிபடும். இரண்டாவது காரணம் சிவப்பு ராஜ்மாவில் மிகுதியாக இருக்கும் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற நச்சுப்புரதம். நன்கு கொதித்தால் அது அழிந்துவிடும். முன்பே பார்த்த ஆவியாதலின் குளிர்ச்சியால் திறந்த பானை ஸ்மோக்கரில் கொதிநிலையை எட்டுவதில்லை. 80 டிகிரி வரை மட்டும் சூடான ராஜ்மாவில் நச்சு பச்சைப் பயறைவிட அதிகமாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே பயறு புகைக்குப் போக வேண்டும்.

அலுமினியத் தாளில் சுற்றிய கிழங்குக்கும் இதே அக்கறை தேவை. 1994-இல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு பாட்டுலிசம் நோய் கண்டது. தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைச் சுற்றோடு அறை வெப்பநிலையில் நாட்கணக்கில் வைத்திருந்து, அதில் செய்த கூழ்தான் காரணம். காற்றுப்புகாத, அமிலம் குறைந்த, ஈரமான இடத்தில் பாட்டுலிசக் கிருமியின் விதைத்துகள்கள் முளைத்து நச்சைச் சுரந்துவிட்டன. புகையூட்டிய பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பதும் இதே ஆபத்தை அழைப்பதுதான். மிஞ்சியதைத் தாளைப் பிரித்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

புகையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விறகு அரைகுறையாக எரியும்போதும், கொழுப்பு நெருப்பில் சொட்டும்போதும் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் உருவாகின்றன. புகையூட்டிய இறைச்சியில் பென்சோபைரீனின் அளவு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வரம்பு வைத்திருக்கிறது. கொழுப்பு சொட்டாத காய்கறியில் அந்த இரண்டாவது வழி பெரும்பாலும் அடைபடுகிறது. தசையிலுள்ள கிரியாட்டினிலிருந்து அதிக சூட்டில் பிறக்கும் வேறொரு நச்சுக்குடும்பமும் காயில் உருவாவதில்லை. கிழங்குகள் 120 டிகிரிக்கு மேல் வறண்டு சிவக்கும்போது அக்ரிலமைடு தோன்றும் என்பதால் அவற்றைக் கருகவிடாமல் பொன்னிறத்தோடு நிறுத்துவது நல்லது.

இறைச்சி ஓய்வெடுக்கும் நேரம்

ஒரே ஸ்மோக்கரில் இரண்டு சூடுகளை எப்படிப் பெறுவது என்ற கேள்விக்குப் பார்பிக்யூவின் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. வெந்த பிரிஸ்கெட்டை உடனே வெட்டமாட்டார்கள். சாறு உள்ளே தங்குவதற்காகச் சுற்றி மூடி ஒரு மணி நேரமாவது வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அடுப்பு காலியாக, தணல் நிறைந்து கிடக்கும்.

இறைச்சியை இறக்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு நான்காக வெட்டிய முட்டைக்கோஸ், பாதியாக நறுக்கிய தக்காளி, உறையைக் கீழே இழுத்துவிட்ட சோளக்கதிர் மூன்றையும் குளிர்ந்த ஈரத்தோடு உள்ளே ஏற்றலாம். அவற்றுக்குப் புகை அப்போதே கிடைத்துவிடும். சர்க்கரைவள்ளியும் காளானும் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம்பிடித்திருக்கும். பீன்ஸ் பானை இறைச்சியின் அடியிலேயே இருக்கும். இறைச்சி வெளியே வந்ததும் காற்றுவாயை அகலத் திறந்து, கரி சேர்த்துச் சூட்டை 180, 200 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். கோஸ் தட்டை மூடி உள்ளே தள்ளலாம். சோளத்தின் உறையைத் திரும்ப மூடி, அதன் ஈரத்திலேயே வேகவிடலாம். தக்காளி சிவந்து சுருங்கியதும் எடுத்து, பூண்டும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மசித்தால் சல்சா தயார். பிரிஸ்கெட்டை வெட்டக் கத்தியைத் தீட்டும்போது ஆறு தொடுகறிகளும் சூடாக மேசைக்கு வந்திருக்கும்.